தசையின் சக்தியைக் கண்டறிந்த சுப்பாராவ்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் விடியலில் இறப்பர் பால் வெட்டுவோரையும், கொழுந்துக் கூடையுடன் மலையேறுவோரையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவ்வுழைப்புக்கான சக்தி உடலில் எவ்வாறு பிறக்கின்றது என்பதைக் கண்டறிந்தோருள் ஒருவர் சென்னையில் மருத்துவம் கற்றவர் என்பதை நம்மில் பலர் அறியோம். அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12 ஆம் திகதி சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்த அவர், மெற்றிக்குலேஷன் பரீட்சையில் மூன்றாவது தடவையே சித்தியடைந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்தமை ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்குக் காரணமாயிற்று. உரிய பட்டத்திற்குப் பதிலாகக் குறைந்த தகைமையே அவருக்குக் கிடைத்தது. எனினும் மனந்தளராது அமெரிக்கா சென்று, மருத்துவமனையொன்றில் இரவுநேரச் சிற்றூழியம் புரிந்தவாறே ஹார்வர்டில் கற்றார்.

தசை இயங்குவதற்கு லக்டிக் அமிலமே ஆதாரமென அன்றைய விஞ்ஞானிகள் கருதினர். 1927 இல் சைரஸ் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலுள்ள பொஸ்போகிரியேட்டினைக் கண்டறிந்ததும் அக்கருத்து ஆட்டங்கண்டது. 1929 இல் அடினோசின் முப்பொஸ்பேற்று, அதாவது ஏ.ரி.பி. என்ற சேர்வையையும் அவர்கள் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜேர்மனியில் கார்ல் லோமனும் அதனைக் கண்டறிந்தார்.

தசை நேரடியாகச் செலவிடுவது ஏ.ரி.பி.யையே. அதன் கையிருப்பு சில விநாடிகளில் தீர்ந்துவிடும். பொஸ்போகிரியேட்டின் சுமார் 10 விநாடி வரை அதனை ஈடுசெய்கின்றது. கொழுந்து மூட்டையைத் தூக்கித் தோளிலேற்ற இது போதும். செங்குத்தான படிகளில் விரைந்து ஏறுகையில், தசையில் சேமித்த கிளைக்கோஜன் ஒட்சிசனின்றியே உடைந்து கைகொடுக்கின்றது. நாள் முழுவதும் உழைப்பதற்கோ, ஒட்சிசனின் துணையுடன் மாச்சத்தும் கொழுப்பும் எரிந்தாக வேண்டும். அந்த ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் குருதிக்கு இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் தேவை.

போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த பெருமையும், 1940 இல் சுப்பாராவ் இணைந்த லெடர்லி ஆய்வுகூடத்தில் அவர் வழிநடத்திய குழுவையே சாரும். ஸ்ப்ரூ நோய்க்குத் தம் சகோதரர்களைப் பறிகொடுத்தவர் அவர். இன்று கர்ப்பிணித் தாய்மாருக்கு நம் நாட்டுக் கிளினிக்குகளில் வழங்கப்படும் மாத்திரைகளுள் போலிக் அமிலமும் ஒன்றாகும். நோபல் பரிசு பெறாமலேயே 1948 ஆகஸ்டில், தமது 53 ஆவது வயதில் அவர் காலமானார்.

ஒரு கோப்பைச் சாயத் தேநீருடன் மலைக்குச் செல்பவரின் களைப்பைச் சோம்பல் என்பது அறியாமையாகும். உண்ணாத உடலில் உழைப்புக்கான எரிபொருள் குன்றும் என்பதே சுப்பாராவ் வாழ்ந்து தேடிய அறிவியல் நமக்குக் கூறும் உண்மை. கொழுந்தைக் கிலோக் கணக்கில் நிறுக்கும் தோட்ட நிர்வாகங்களும், சம்பளம் பற்றிப் பேசும் தொழிற்சங்கங்களும், அதனைப் பறிக்கும் கைகளுக்குரிய உணவையும் கணக்கிலெடுக்க வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.