எவரெஸ்ட் என்பது யாரோட பேர்?

உலகத்திலேயே உயரமான சிகரம் எதுன்னு கேட்டால் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூட எவரெஸ்ட் என்று சொல்லிவிடும். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். அதிலும், அந்தப் பெயரை வைக்க வேண்டாம் என்று சொன்னதே அவர்தான்!

ஜார்ஜ் எவரெஸ்ட் 1790-ல் பிறந்தார். 16 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து கப்பலேறி இந்தியா வந்தார். நம்ம பள்ளி அக்காக்கள் பதினொண்ணாவது படிக்கிற வயசு.

அதற்கு முன்பே, 1802-ல், வில்லியம் லாம்டன் என்பவர் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் எஃகுச் சங்கிலி போட்டு ஏழரை மைல் தூரத்தை 57 நாளில் அளந்திருந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் போட்டு இந்தியா முழுவதையும் அளப்பதுதான் திட்டம். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் போதும், மீதியைக் கணக்குப் போட்டுவிடலாம். (ஜியோமிதி எதுக்குன்னு இனிமே யாரும் கேக்காதீங்க!) கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது நசுங்கிவிட்டது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே சரிசெய்தார்.

1818-ல் எவரெஸ்ட் அவருக்கு உதவியாளரானார். 1823-ல் லாம்டன் இறந்ததும் பொறுப்பு முழுவதும் இவர் தலையில் விழுந்தது. காட்டுக் காய்ச்சல் வந்து பலமுறை சாகக் கிடந்தார். கூட வந்த கூலி ஆட்கள் பலர் செத்தே போனார்கள். அவங்க பேர் எந்த மலைக்கும் இல்லை. 1841-ல் குமரி முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை, சுமார் 2,400 கிலோமீட்டர், அளவு முடிந்தது. கோபக்காரர், ஆனால் வேலையில் கெட்டிக்காரர். 1831-ல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காள இளைஞரைக் கணக்குப் போடச் சேர்த்துக்கொண்டவரும் இவரே.

1843-ல் எவரெஸ்ட் ஓய்வு பெற்று இங்கிலாந்து போய்விட்டார். பிறகுதான் 15 என்ற எண் போட்ட சிகரத்தைச் சமவெளியில் இருந்தே அளந்தார்கள். அதுதான் உலகிலேயே உயரம் என்று கணக்கில் தெரிந்தது. அந்தக் கணக்கில் சிக்தாரின் பங்கு பெரியது. அடுத்து வந்த அதிகாரி ஆண்ட்ரூ வா, 1856-ல் எவரெஸ்ட் பெயரைச் சூட்டினார். உள்ளூர்ப் பெயரையே எழுத வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவரே எவரெஸ்ட்தான்! உள்ளூர்ப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை என்றார் வா. ஆனால் திபெத்து மக்கள் சோமோலுங்மா என்று முன்பிருந்தே அழைத்து வந்தார்கள்.

என் பெயர் இந்திய மக்கள் வாயில் நுழையாது என்று எவரெஸ்ட் மறுத்தார். யாரும் கேட்கவில்லை. 1865-ல் லண்டன் புவியியல் சங்கம் அந்தப் பெயரையே உறுதி செய்தது. அடுத்த வருஷம், 1866-ல், அவர் இறந்தார்.

அவர் வீட்டில் அந்தப் பேரை ஈவ்ரெஸ்ட் என்றுதான் சொல்வார்களாம். உலகமே தப்பாத்தான் சொல்லிக்கிட்டிருக்கு.

– 9-ஆம் வகுப்பு மாணவி