வலிக்கு வாய் கொடுத்தவர்

கம்பம் பள்ளத்தாக்கு என்றால் பச்சை என்பார்கள். உண்மைதான். முல்லைப் பெரியாறு பாய்கிறது, நெல் விளைகிறது, பந்தலிலே திராட்சை தொங்குகிறது, மேலே மலையிலே ஏலம் மணக்கிறது. மணக்கும் ஏலத்தின் விலையைப் பற்றிப் பேசுவோர் ஆயிரம் பேர். அதைப் பறிக்கும் கரங்களைப் பற்றிப் பேசுவோர் எத்தனை பேர்?

கோழி கூவுமுன் எழுந்து, கஞ்சி காய்ச்சி, பிள்ளைகளுக்கு ஒரு பங்கு, கணவனுக்கு ஒரு பங்கு என ஒதுக்கி வைத்து, மிச்சத்தைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு, கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள் நம் தாய்மார்கள். கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியே மலை ஏறி, பொழுது சாயும்போது இறங்குகிறார்கள். ஏலக்காய் எட்டிப் பறிக்கும் உயரத்திலா காய்க்கிறது? இல்லை. செடியின் அடியிலே, மண்ணை ஒட்டிக் காய்க்கிறது. பகலெல்லாம் குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். மழைக்காலமானால் காலிலே அட்டை. செடிக்குத் தெளித்த பூச்சிமருந்தின் நெடி மூச்சிலே. ஒதுங்க மறைவிடம் இல்லாததால், தாகமெடுத்தும் தண்ணீர் குடிக்காமல் நாளைக் கடத்துவோர் எத்தனையோ பேர்!

இடுப்பு வலிக்கிறதா என்று கேளுங்கள், ஒன்றுமில்லை என்பாள். உதிரப்போக்கு நிற்கவில்லையே, டாக்டரிடம் காட்டலாமே என்று சொல்லுங்கள். பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் உள்ளதுதான், தலைவிதி என்பாள். பெட்டிக்கடையிலே ஒரு மாத்திரை, சுக்குக் கஷாயம், மறுநாள் மீண்டும் மலை.

தலைவிதி! இந்தச் சொல்லோடு நெடுங்காலமாகப் போராடி வருகிறோம் நாம். தாழ்ந்த சாதியில் பிறந்தது தலைவிதி என்றார்கள். இல்லை, சதி என்றோம். ஏழையாய் இருப்பது தலைவிதி என்றார்கள். இல்லை, சுரண்டல் என்றோம். அப்படிச் சொன்ன நாம், பெண்ணின் வலியை மட்டும் தலைவிதியிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கலாமா? இருக்க மாட்டேன் என்று எழுந்த ஒரு மாதரசியின் வரலாற்றைத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், கல்லூரித் தலைவராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், இசைக்குலத்திலே பிறந்தவர். கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தம் குலத்திலே கண்டவர். அந்தத் தாயை மணந்ததற்காகத் தந்தையைச் சுற்றம் ஒதுக்கிற்று. ஆக, பிறக்கும்போதே அந்தக் குழந்தையின் நெற்றியில் சமுதாயம் இரண்டு முத்திரைகளைக் குத்தி வைத்திருந்தது: ஒன்று பெண் என்பது, மற்றொன்று இன்னார் வயிற்றுப் பெண் என்பது.

பள்ளிப் படிப்பு முடிந்தது. ஆடவர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஊரே திடுக்கிட்டது. ஒரு பெண் வந்தால் எங்கள் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று பெற்றோர்கள் கூச்சலிட்டனர். கெடக்கூடிய பிள்ளைகளைத் திருத்துவதை விட்டுவிட்டு, படிக்க வந்த பெண்ணைத் தடுக்கப் பார்த்த அந்தப் பெரியவர்களின் அறிவை என்னென்பது! புதுக்கோட்டை மன்னர் இசைவு தந்தார். கல்லூரிக் கதவு திறந்தது.

அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரி. 1907இல் சேர்ந்தார், 1912இல் பரிசுகளும் பதக்கங்களும் குவித்து மருத்துவராக வெளியே வந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். எப்படி மணந்தார்? என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்து மணந்தார்! மணமகன் சீர் கேட்கும் நாட்டிலே, மணமகள் சமத்துவம் கேட்டார். அதற்கு ஒப்பிய சுந்தர ரெட்டியாரையும் நாம் பாராட்டத்தான் வேண்டும்.

டாக்டரானார், பணம் சேர்த்தார், பங்களா கட்டினார் என்று அவர் கதை முடிந்திருந்தால் இன்று நாம் அவரைப் பற்றி எழுத வேண்டியதில்லை. அவர் வேறொன்றைக் கண்டார். பிஞ்சு வயதிலே தாலி கட்டி, உடல் முதிருமுன் தாயாகி, பிரசவத்திலே சாகும் சிறுமிகளைக் கண்டார். பொட்டுக் கட்டப்பட்டு, பணக்காரனின் இச்சைக்கு இரையாகி, அவன் தந்த நோயைச் சுமந்து வரும் பெண்களைக் கண்டார். மருந்து கொடுக்கலாம், நோய் ஆறும். ஆனால் அந்த நோயை உற்பத்தி செய்யும் வழக்கத்துக்கு எந்த மருந்துக்கடையில் மருந்து? சட்டமன்றத்திலேதான் உண்டு என்று அவர் உணர்ந்தார்.

பெண்களுக்கு வாக்குரிமை தரும் தீர்மானத்தை 1921ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றிய பெருமை, நீதிக்கட்சி ஆட்சி செய்த சென்னைச் சட்டமன்றத்துக்கு உண்டு. அந்த மன்றத்தின் முதல் பெண் உறுப்பினராக 1926இன் இறுதியில் நியமிக்கப்பட்டார் முத்துலட்சுமி. 1927இல் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நாற்காலியை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை அவர். மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றார். பள்ளி மாணவியருக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, பொட்டுக் கட்டும் கொடுமையை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

எதிர்ப்புக் கிளம்பாமல் இருக்குமா? மரபு அழியும் என்றனர். கலை அழியும் என்றனர். மதத்தில் கை வைக்காதே என்றனர். சத்தியமூர்த்தி போன்ற பெரும் பேச்சாளர்களே எதிரணியில் நின்றனர். கலை வளர ஒரு குலத்துப் பெண்களின் உடல்தானா உரம்? இந்தக் கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. மன்றத்துக்குள்ளே முத்துலட்சுமி போராடினார். மன்றத்துக்கு வெளியே பெரியாரும், அந்தக் குலத்திலேயே பிறந்து அந்த வழக்கத்தின் கொடுமையைத் தாமே அனுபவித்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஊர் ஊராக முழங்கினர். 1929இல் ஒரு சட்டத்திருத்தம் வந்தது: கோயிற்பணிக்காகத் தரப்பட்ட மானிய நிலங்கள், பணியிலிருந்து விடுபட்டு அந்தப் பெண்களுக்கே உரிமையாயின. முழுச் சட்டம் வர மேலும் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. 1947இல், ஓமந்தூரார் முதலமைச்சராக இருந்தபோது, பொட்டுக் கட்டும் வழக்கம் சட்டப்படி ஒழிந்தது.

முத்துலட்சுமி நம் இயக்கத்தவர் அல்ல. காந்தியாரிடம் பற்றுக் கொண்டவர். 1930இல் அவர் கைதானதைக் கண்டித்துத் தம் சட்டமன்றப் பதவியையே துறந்தவர். அதனாலென்ன? நல்லது செய்தவரை நம்மவரா என்று கேட்டு நன்றி சொல்லும் சிறுமை நமக்கு வேண்டாம். பதவியைத் துறந்தாரே தவிர பணியைத் துறக்கவில்லை. பொட்டுக் கட்டும் பழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டபோது, தம் வீட்டுக் கதவைத் திறந்தார். அந்த அடைக்கலமே அவ்வை இல்லமாக வளர்ந்தது.

இனி, அவர் வாழ்வின் மற்றொரு பெரும் பணி. தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயால் இறந்தார். அக்காள் டாக்டர், பட்டம் பெற்றவர், இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. மருத்துவர் வீட்டிலேயே இந்தக் கதியென்றால், மண்சுவர்க் குடிசையிலே இருப்பவளின் கதி? 1935இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அந்த மேடையிலே, புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் இறக்கப் போகிறவர்கள்தானே, அவர்களுக்கென்று தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் ஆட்சிபீடத்தில் இருந்தோரிடமும் உலவிய காலம் அது. அவர் சளைக்கவில்லை. மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டினார். மகன் கிருஷ்ணமூர்த்தி மருத்துவராகித் தாயின் கனவுக்குத் தோள் கொடுத்தார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள், அடையாற்றிலே பன்னிரண்டே படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த இளம் டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அங்கேயே உழைத்தார். கேட்டது 1935இல், கிடைத்தது 1954இல். பத்தொன்பது ஆண்டுகள்! அந்த வைராக்கியத்துக்கு வயது தடையாக இல்லை. திறப்பு விழாவின்போது அவருக்கு 67 வயது.

1968 ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். ஏழைத் தாய்மார்களின் பேறுகால உதவித் திட்டத்துக்கு அவர் பெயரையே சூட்டியது தமிழ்நாடு. அந்தத் தொகையை 2006இல் கலைஞர் அரசு 6,000 ரூபாய் ஆக்கிற்று. பின்னர் வந்த ஆட்சியில் அது 12,000 ஆகவும் 18,000 ஆகவும் உயர்ந்தது. கம்பத்திலும் சின்னமனூரிலும் ஆண்டிபட்டியிலும் அந்த உதவியைப் பெற்ற தாய்மார்கள் ஏராளம். யார் இந்த முத்துலட்சுமி என்று அவர்களில் எத்தனை பேருக்கு நாம் சொல்லியிருக்கிறோம்?

பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. அவர் வாழ்வின் பாடத்தையும் சொல்ல வேண்டும். வலி பெண்ணின் விதியல்ல. வாய்விட்டுக் கேட்டால் கிடைக்கும் உரிமை, வைத்தியம். இதுதான் அந்தப் பாடம்.

கேளுங்கள் தோழர்களே! நம் நாட்டுப் பெண்களை அதிகமாகத் தாக்குபவை மார்பகப் புற்றுநோயும் கருப்பைவாய்ப் புற்றுநோயும். கருப்பைவாய்ப் புற்று ஒரு வைரசினால் வருவது. ஒரே நாளில் வருவதல்ல. முற்றுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்தால் காப்பாற்றிவிடலாம். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலே இதற்கான பரிசோதனை உண்டு; காசு இல்லை; சில நிமிட வேலை. தேனிக்குப் பக்கத்தில் க.விலக்கிலே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே நிற்கிறது. ஆஸ்பத்திரி அருகே வந்துவிட்டது. ஆனால் நம் தாய்மார்களின் கூச்சம் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை. அந்தக் கூச்சத்தை வளர்த்தது யார்? பெண்ணின் நோயைப் பற்றிப் பேசுவது ஆண்மைக்கு அழகல்ல என்று வாய்மூடிய நாம்தான், ஆண்கள்தான்!

மில்லிலே கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கிறோம். மாநாடு என்றால் லாரி பிடித்துப் போகிறோம். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று மனைவியை, தாயை, அக்காளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக நம்மில் எத்தனை பேர் முன்வருகிறோம்? அவள் மலை ஏறாத அந்த ஒரு நாளில் அடுப்பு எரியாதே என்ற அச்சம் நமக்குத் தெரியாததல்ல. அந்த ஒரு நாளைத் தள்ளிப் போட்டதால் அடுப்பே அணைந்துபோன வீடுகளும் நமக்குத் தெரியும்.

ஆகவே, ஒவ்வொரு கிளைக் கழகமும் ஒன்று செய்யட்டும். ஜூலை 30, அந்த அம்மையாரின் பிறந்தநாள். அன்று படத்துக்கு மாலை போடுவதோடு நிறுத்திவிடாமல், ஊரிலுள்ள தாய்மார்களை அரசு மருத்துவமனைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லட்டும். அன்றைய கூலி இழப்புக்குக் கிளை நிதியிலிருந்து கைகொடுக்கட்டும். தோட்டங்களில் கழிப்பிடம் வேண்டும், பேறுகால விடுப்பு வேண்டும் என்று தொழிற்சங்கத் தோழர்கள் கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியிலே எழுதட்டும். கடைசி வரியிலே அல்ல.

ஒரே ஒரு பெண், எதிர்ப்புக் கூச்சலுக்கு நடுவே எழுந்து நின்று கேட்டதால் ஒரு சட்டம் வந்தது; ஒரு மருத்துவமனை வந்தது. நாம் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறோம்! கேட்போம். முதலில், நம் வீட்டில் இருப்பவளிடம் கேட்போம்: உனக்கு எங்கே வலிக்கிறது?