மண்ணீரல் சிகிச்சையும் ஆதாரம் கேட்ட ஆர்ச்சி காக்ரேனும்

கோவளம் பக்கம் ஈ.சி.ஆரில் பைக் சறுக்கி, ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தினால் முதலில் அடிபடும் உறுப்புகளில் ஒன்று மண்ணீரல். முன்பெல்லாம் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். அப்புறம் வாழ்நாள் முழுக்க தொற்று பயம். இப்போது ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால், தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி மண்ணீரல் தமனியை அடைக்கும் ‘எம்போலைசேஷன்’ இருக்கு. யாருக்கு அடைக்கணும், யாரைக் கண்காணித்தாலே போதும்? டாக்டர்கள் வழிகாட்டு நெறிமுறையைப் பார்ப்பார்கள். சரி, அந்த நெறிமுறைக்கு என்ன ஆதாரம்? இப்படிக் கேட்கப் பழக்கியவர்களில் முக்கியமானவர் ஆர்ச்சி காக்ரேன்.

1909ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். மருத்துவப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்தார். 1941ல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, சலோனிகா கைதிகள் முகாமுக்கு டாக்டரானார். அங்கே கைதிகளுக்குக் கால் வீங்கியது, அவருக்கும்தான். சத்துக்குறைவு என்று சந்தேகப்பட்டு 20 பேரை இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேருக்கு ஈஸ்ட், மீதிப் பேருக்கு வைட்டமின் சி. சில நாளிலேயே ஈஸ்ட் சாப்பிட்டவர்கள் தேறினார்கள். அந்தக் கணக்கைக் காட்டித்தான் ஜெர்மன் அதிகாரிகளிடம் ஈஸ்ட் கேட்டு வாங்கினார். ரொம்பச் சின்ன ஆய்வு, குறைகளும் நிறைய. அதை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அவர் சொன்ன இன்னொரு கதை இதைவிட சுவாரஸ்யம். மாரடைப்புக்கு வீட்டில் சிகிச்சையா, மருத்துவமனையிலா என்று ஒரு ஆய்வு. ஆரம்ப எண்களை வேண்டுமென்றே இடம் மாற்றி, மருத்துவமனையே மேல் என்பதுபோல இதய நிபுணர்களிடம் காட்டினார். வீட்டுச் சிகிச்சை அநியாயம், ஆய்வை உடனே நிறுத்து என்று கொதித்தார்கள். பிறகு உண்மையான எண்களை நீட்டினார். சத்தமே இல்லை!

1972ல் சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளை வலியுறுத்தி அவர் எழுதிய சிறு நூல் உலகப் புகழ் பெற்றது. 1988ல் மறைந்தார். அவர் பெயரில் 1993ல் தொடங்கிய அமைப்பின் ஆய்வுத் தொகுப்புகளை, ஐ.சி.எம்.ஆர். சந்தா கட்டியதால் 2007 முதல் இந்தியர்கள் இலவசமாகப் படிக்க முடிந்தது.

மண்ணீரல் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லைதான். ஆனால் இங்கே நெறிமுறைகள் பெரும்பாலும் பழைய கேஸ் ஷீட்களைப் புரட்டிய ஆய்வுகளையே நம்புகின்றன. ஆட்களைச் சீரற்றுப் பிரித்து நடத்திய ஒரு பிரெஞ்சு ஆய்வு 2020ல்தான் வந்தது. முன்கூட்டியே தமனியை அடைத்தவர்கள், காத்திருந்தவர்கள் இருவருக்கும் ஒரு மாதத்தில் மண்ணீரல் பிழைத்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் காத்திருந்தவர்களில் கணிசமானோருக்குப் பிறகு அடைக்க வேண்டியிருந்தது. அதனால் காத்திருப்பு என்றால், ராத்திரி 2 மணிக்கும் அதைச் செய்ய ஆளும் கருவியும் இருக்கிற ஆஸ்பத்திரியில் காத்திருப்பது.