பதினொன்றில் ஒருவர்

பால் ராப்சனைப் பாடகராகவும் நடிகராகவும் அறிந்தோர் உலகெங்கும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அசாமியக் கலைஞர் பூபேன் ஹசாரிகா அவரது பாடலொன்றின் தாக்கத்தால் பிரம்மபுத்திரை நதியை விளித்துப் பாடல் புனைந்தார் என்பதையும், 1958-இல் அவரது அறுபதாம் பிறந்தநாள் விழா இந்தியாவில் கொண்டாடப்பட்டபோது பிரதமர் நேரு அதற்கு ஆதரவளித்தார் என்பதையும் நம்மில் மூத்தோர் அறிவர். ஆனால், பாடகராவதற்கு முன்பே அவர் நாடறிந்த விளையாட்டு வீரராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. உயர்நிலைப் பள்ளி மைதானத்திலிருந்து கல்லூரி மைதானத்துக்குச் சென்ற அந்த நான்காண்டுப் பயணம், அவரது வாழ்வின் பிற்பகுதியைப் புரிந்துகொள்ளத் திறவுகோலாக அமைகிறது.

1898 ஏப்ரல் 9 அன்று நியூஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார் ராப்சன். அவருடைய தந்தை வில்லியம் ட்ரூ ராப்சன் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, பதினைந்தாம் வயதில் தப்பியோடி, பின்னர் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்று, கிறித்தவப் போதகரானவர். தாய் 1904-இல் வீட்டில் நேர்ந்த தீ விபத்தில் இறந்தார். அப்போது பாலுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வீட்டுக்கு அருகில் இருந்தும், அன்று அது கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அந்த மறுப்பை அக்குடும்பம் மூத்த மகனின் வழியாக நேரடியாகவே அனுபவித்திருந்தது.

குடும்பம் சாமர்வில் நகருக்குக் குடிபெயர்ந்த பின், அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் பால் சேர்ந்தார். படிப்பிலும் பேச்சிலும் முன்னணியில் நின்றார். பள்ளி நாடகத்தில் ஒத்தெல்லோவாக நடித்தார். கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், தடகளம் ஆகியவற்றில் பள்ளிக்காக விளையாடினார். இங்கே கால்பந்து எனக் குறிப்பிடுவது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவோரை எதிரணியினர் உடலால் மோதி வீழ்த்தும் அமெரிக்கக் கால்பந்து அது. அணிக்குப் பதினொருவர். உடல் வலிமையே அதில் முதலீடு. காயம் அன்றாடச் செலவு.

1915-இல் ரட்கர்ஸ் கல்லூரி வழங்கும் நான்காண்டு உதவித்தொகைக்கான மாநில அளவிலான தேர்வு நடைபெற்றது. ராப்சன் அதைப் பற்றித் தாமதமாகவே அறிந்தார். முந்தைய ஆண்டு நடந்த முதற்கட்டத் தேர்வை அவர் எழுதியிருக்கவில்லை. ஆகவே, மற்றவர்கள் இறுதியாண்டுப் பாடத்துக்கு மட்டும் விடையளித்த அதே நேரத்தில், அவர் நான்காண்டுப் பாடத்துக்கும் விடையளிக்க வேண்டியிருந்தது. ஆயினும் அவரே வென்றார். ரட்கர்ஸ் வரலாற்றிலேயே மூன்றாவது கறுப்பின மாணவர் அவர். அப்போது அந்த வளாகத்தில் இருந்த ஒரே கறுப்பின மாணவரும் அவரே. அவரைக் கல்லூரிக்குள் அழைத்து வந்தது அறிவு, விளையாட்டு அன்று. இதை நாம் மறந்துவிடலாகாது.

கல்லூரி அணியில் இடம்பெற முயன்ற முதல் நாளே வெள்ளையின வீரர்கள் சிலர் திட்டமிட்டு அவரைத் தாக்கினர். மூக்கு உடைந்தது, தோள்மூட்டு நழுவியது. நாட்கணக்கில் படுக்கையில் கிடந்தார். தாம் தோற்று விலகினால், தமக்குப் பின் வரவிருக்கும் கறுப்பினச் சிறுவர்கள் எல்லோருக்கும் அந்தக் கதவு சாத்தப்படும் என்ற தந்தையின் போதனை அவரை மீண்டும் மைதானத்துக்கு அனுப்பியது. மறுமுறை ஒருவர் முள் காலணியால் அவரது கையை மிதித்து நகங்களைப் பெயர்த்தார். சினமுற்ற ராப்சன் அடுத்த ஆட்டத்தில் பந்தை ஏந்தி வந்தவரைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அவரைத் தரையில் ஓங்கி எறியும் முன்பே, ராப்சன் அணியில் சேர்க்கப்பட்டதாகப் பயிற்சியாளர் ஜார்ஜ் ஃபாஸ்டர் சான்ஃபோர்டு உரக்க அறிவித்தார்.

பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் கட்டத்தில் எனக்கு கேரி பெக்கர் நினைவுக்கு வருகிறார். பாகுபாடு காட்டுபவர் அதற்கு ஒரு விலை கொடுத்தே தீரவேண்டும் என்பது 1957-இல் அவர் வெளியிட்ட நூலின் அடிப்படைக் கருத்து. திறமையானவரை நிறத்தின் காரணமாக ஒதுக்கும் நிறுவனம் இழப்பைச் சந்திக்கும். எனவே போட்டி மிகுந்த சந்தையில் பாகுபாடு நாளடைவில் தேய வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவு. ராப்சனின் கல்லூரிக் காலம் இந்தக் கோட்பாட்டின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டுகிறது.

1916-இல் ரட்கர்ஸ் தனது 150-ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. அதையொட்டி நடந்த ஆட்டத்தில், கறுப்பினத்தவர் களமிறங்கினால் ஆட மாட்டோம் எனத் தென்மாநிலத்தின் வாஷிங்டன் அண்டு லீ பல்கலைக்கழக அணி மறுத்தது. சான்ஃபோர்டு பணிந்தார், ராப்சன் வெளியே அமர்த்தப்பட்டார். ஆட்டம் 13-13 எனச் சமநிலையில் முடிந்தது. பெக்கர் கூறிய விலையை ரட்கர்ஸ் அன்று கொடுத்தது. பின்னர் மேற்கு வர்ஜீனியா அணியினரும் இதே கோரிக்கையுடன் வந்தபோது சான்ஃபோர்டு இணங்கவில்லை. ராப்சன் முழு ஆட்டமும் ஆடினார். அதே பயிற்சியாளர், அதே வீரர். மாறியது விலையைப் பற்றிய கணக்கு மட்டுமே. வெற்றி தேவைப்பட்ட நாளில் அவர் அணியின் தூண். விழாவின் கௌரவம் பெரிதாகத் தோன்றிய நாளில் அவர் தவிர்க்கத்தக்கவர். சந்தை திறந்துவிடும் கதவைச் சந்தையே மூடிவிடவும் கூடும் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

1917 நவம்பரில் புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டில், முன்னாள் நட்சத்திர வீரர்கள் நிறைந்த நியூபோர்ட் கடற்படை அணியை ரட்கர்ஸ் 14-0 என வீழ்த்தியபோது, ராப்சனின் ஆட்டத்தை நியூயார்க் நாளேடுகள் வியந்து எழுதின. 1918-இல் அன்றைய கால்பந்து உலகின் பெரும் அதிகாரமாக விளங்கிய வால்டர் கேம்ப் தமது அகில அமெரிக்க அணியில் அவரைச் சேர்த்தார். அதே ஆண்டு மே மாதம் தந்தை காலமானார். துயரத்தின் இடையிலும், அவருக்கு அளித்த வாக்கைக் காக்கப் பேச்சுப் போட்டிக்குச் சென்று வென்றார் மகன். மூன்றாம் ஆண்டிலேயே ஃபை பீட்டா கப்பா என்னும் கல்விச் சிறப்புக் கழகத்தில் இடம்பெற்றார். அமெரிக்க அரசமைப்பின் 14-ஆவது திருத்தம் குறித்து ஆய்வுரை எழுதினார். 1919-இல் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பாக உரையாற்றினார். இத்தனைக்கும் பிறகும், கல்லூரிப் பாடகர் குழு வெளியூர் செல்லும்போது அவருக்கு அதில் இடமில்லை. கச்சேரிக்குப் பின்னரான விருந்துகளும் நடனங்களும் வெள்ளையருக்கு உரியவை.

கொலம்பியாவில் சட்டம் பயின்ற காலத்தில், 1921-இல் ஆக்ரான் அணிக்கும் 1922-இல் மில்வாக்கி அணிக்கும் தொழில்முறை வீரராக ஆடிப் படிப்புச் செலவை ஈடுகட்டினார். 1923-இல் பட்டம் பெற்றுச் சட்ட அலுவலகம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே, கறுப்பினத்தவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்து எழுத மாட்டேன் என ஊழியர் ஒருவர் மறுத்தார். ராப்சன் அத்தொழிலை விட்டே விலகினார். சட்டத்துறையின் இழப்பு மேடையின் லாபமாயிற்று. 1930-இல் லண்டனிலும் 1943-இல் பிராட்வேயிலும் ஒத்தெல்லோவாக அவர் நடித்தார். பிராட்வேயில் மட்டும் 296 காட்சிகள். பள்ளி நாடகத்தில் தொடங்கிய வேடம் அது.

அவர் விட்டுச்சென்ற தொழில்முறைக் கால்பந்திலோ, 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. எழுதப்படாத உடன்பாட்டின் மூலம் அணி உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்தே ஒதுக்கினால் எவருக்கும் தனியாக இழப்பில்லை. போட்டி பாகுபாட்டைக் கரைக்கும் என்னும் நம்பிக்கை தோற்பது இந்த இடத்தில்தான்.

இன ஒடுக்குமுறைக்கு எதிராகவும், காலனிய நாடுகளின் விடுதலைக்காகவும் குரல் கொடுத்த ராப்சன், சோவியத் ஒன்றியத்தையும் வெளிப்படையாக ஆதரித்தார். ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகளை அவர் பொதுவெளியில் கண்டிக்கவில்லை என்பது அவர் மீதான நியாயமான விமர்சனம். ஆயினும், கருத்துக்கு அவர் கொடுக்க நேர்ந்த விலை மிகக் கொடியது. 1950-இல் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. எட்டாண்டுகள் அயல்நாடு செல்ல இயலவில்லை. உள்நாட்டு அரங்குகளும் மூடப்பட்டன. ஆண்டுக்கு லட்சம் டாலர் ஈட்டியவரின் வருமானம் சில ஆயிரங்களாகச் சுருங்கியது. 1957-இல் தொலைபேசிக் கம்பி வழியாகவே லண்டன் ரசிகர்களுக்குப் பாடினார்.

இவை அனைத்தினும் என்னை மிகவும் பாதித்த செய்தி ஒன்றுண்டு. அதே காலத்தில் வெளிவந்த கல்லூரிக் கால்பந்து நூல் ஒன்று, 1918-ஆம் ஆண்டின் அகில அமெரிக்க அணியைப் பத்துப் பேருடன் அச்சிட்டது. பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் பத்துப் பேர் கொண்ட அணி! பெயரை நீக்கியவர்கள் அந்த இடத்தில் வேறு பெயரை எழுதவும் துணியவில்லை. உழைப்பின் பயனைக் கல்லூரி பெற்றுக்கொண்டது; கைதட்டலை அரங்கம் பெற்றுக்கொண்டது; உழைத்தவரிடம் எஞ்சியிருந்தது பெயர் மட்டுமே. அதுவும் பறிக்கப்பட்டது.

1976 ஜனவரி 23 அன்று பிலடெல்பியாவில் ராப்சன் மறைந்தார். கல்லூரிக் கால்பந்துப் புகழரங்கில் அவர் சேர்க்கப்பட்டது 1995-இல். அவர் பட்டம் பெற்று நூறாண்டுகள் நிறைந்த 2019-இல், ரட்கர்ஸ் தனது வளாகத்தில் அவர் பெயரால் ஒரு சதுக்கத்தைத் திறந்தது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு இன்று பல கோடி டாலர் புரளும் தொழில். 2021 ஜூலை முதல், மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்ட அனுமதிக்கப்படுகின்றனர். ஒருவரின் பெயர் அவருக்கே சொந்தம் என்பதை ஏற்க அந்த அமைப்புக்கு இத்தனை காலம் தேவைப்பட்டிருக்கிறது. பணம் வருவது நன்றே. ஆனால், பள்ளி மைதானத்திலிருந்து கல்லூரிக்குள் நுழையும் இளைஞருக்கு நிறுவனம் செலுத்த வேண்டிய கடன் அத்துடன் தீர்ந்துவிடாது. ஆடும்போது அவரைக் காப்பதும், ஆடாதபோதும் மாணவராக மதிப்பதும், ஆட்சியாளர்கள் அவரை வெறுக்கும் நாளிலும் ஏட்டில் அவர் பெயரை அழியாமல் வைத்திருப்பதும் அந்தக் கடனில் அடங்கும். வெற்றி பெற்ற நாளில் உரிமை கொண்டாடும் நிறுவனங்கள் பல. வீரர் தனித்து நிற்கும் நாளிலும் அவரைத் தன்னவர் என்று சொல்லும் நிறுவனமே கல்விக்கூடம் என்னும் பெயருக்குத் தகுதியுடையது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).