சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ்

உடற்குறையுள்ள ஒருவர் வேலை கேட்டு வரும்போது, அவரால் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்று பார்ப்பதற்கு முன்பே வேறொரு கேள்வி எழுந்துவிடுகிறது. வேலையிடத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? தேக்காவில் உள்ள உணவகச் சமையலறையானாலும் நகர மையத்தில் இருக்கும் அலுவலகமானாலும், அக்கறையோடு கேட்கப்படும் இந்தக் கேள்வியே சில நேரங்களில் கதவை மூடிவிடுகிறது.

ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியை எதிர்கொண்டவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் பணியாற்றிய வேலூர் சிஎம்சி மருத்துவமனை, சிங்கப்பூர்த் தமிழர்கள் பலருக்கும் தெரிந்த பெயர்தான்.

மேரி 1925ஆம் ஆண்டு கேரளத்தில் கொச்சிக்கு அருகே உள்ள செராயில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். வேலூரில் மருத்துவம் படித்து, பயிற்சி மருத்துவராகப் பணியாற்றத் தொடங்கினார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவரது விருப்பம்.

1954 ஜனவரி 30ஆம் தேதி, சக மருத்துவர்களுடன் அவர் சென்ற வாகனம் விபத்துக்குள்ளானது. முகத்திலும் முதுகெலும்பிலும் பலத்த காயம். உயிர் பிழைத்தார். ஆனால், இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 28.

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களை வாழ்க்கைக்குத் திரும்ப அழைத்துவர இந்தியாவில் அன்று தனி நிலையம் எதுவும் இல்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் உயிரைப் பறித்துவிடக்கூடிய காலம் அது. வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு என்று எவரும் சொல்லியிருக்கலாம். அதில் தவறு காணவும் யாருக்கும் தோன்றியிருக்காது.

மாற்றுவழி காட்டியவர் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி மீண்டும் இயங்கச் செய்வதில் அவர் முன்னோடி. அத்தகைய கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரிக்குக் கால்கள்தான் இயங்கவில்லை. கைகளும் அறிவும் அப்படியே இருந்தன.

மகப்பேறு மருத்துவம் என்ற கனவை மேரி விட்டுக்கொடுத்தார். நினைத்ததெல்லாம் கிடைப்பதல்ல தெரிவுச் சுதந்திரம் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால், மருத்துவம் என்ற தொழிலை விட்டுக்கொடுக்கவில்லை. பிராண்டின் மேற்பார்வையில் படிப்படியாகக் கற்றுக்கொண்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தாமே அறுவை சிகிச்சை செய்யும் நிலைக்கு உயர்ந்தார்.

அபாயம் அதனால் மறைந்துவிடவில்லை. உணர்வற்ற உடலோடு மணிக்கணக்கில் ஒரே நிலையில் அமர்ந்திருந்தால், வலி தெரியாமலேயே தோல் புண்ணாகிவிடும். ஒவ்வொரு நாளும் உடலைக் கவனித்து, நிலையை மாற்றி அமர்ந்துதான் அந்த அபாயத்தைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும்.

அவரிடம் வந்த தொழுநோயாளிகளின் நிலையும் ஏறக்குறைய அதேதான். அவருக்குக் கால்களில் உணர்வில்லை, அவர்களுக்குக் கைகளில் உணர்வில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு விரல்கள் இயங்கினாலும் வேலை கொடுக்க ஆளில்லை என்பதால், பிராண்ட் 1951ல் வேலூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தைத் தொடங்கியிருந்தார். அங்கு தச்சு வேலை போன்ற கைத்தொழில்களை அவர்கள் கற்றார்கள். சுத்தியலும் உளியும் பிடித்த கைகளில் கொப்புளமும் வெட்டுக்காயமும் ஏற்பட்டன.

ஆபத்தான வேலை என்று சொல்லிக் கருவிகளைப் பிடுங்கி வைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. எந்தக் காயம் எதனால் வந்தது என்று கண்டறிந்தார்கள். கைப்பிடிகளை மாற்றியமைத்தார்கள். கைகளைத் தினமும் பார்த்துச் சோதிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். காயங்கள் குறைந்தன, வேலையும் நிலைத்தது.

இந்த அனுபவத்துடன் மேரி மேற்பயிற்சிக்கு வெளிநாடு சென்றார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் காரியங்களைத் தாங்களே செய்துகொள்ளும் முறைகளைக் கற்றார். பின்னர் நியூயார்க்கில், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் பயின்றார்.

நாடு திரும்பிய அவர், 1963ல் வேலூரில் உடலியக்க, மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966ல் அங்கு உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அத்தகைய நிலையங்களுக்கு அதுவே முன்னோடி. விபத்தில் முடங்கியவர்கள் அங்கு தங்களுக்குச் சிகிச்சையளிக்க வரும் மருத்துவரும் சக்கர நாற்காலியில் வருவதைக் கண்டார்கள். எந்த அறிவுரையும் தந்திருக்க முடியாத நம்பிக்கை அது.

1972ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதே ஆண்டில்தான் அமெரிக்கரான ராபர்ட் பெர்ஸ்கி, அபாயத்தை ஏற்கும் உரிமையும் மனித மாண்பின் ஒரு பகுதி என்ற கருத்தை எழுத்தில் முன்வைத்தார். அளவுக்கு மீறிய பாதுகாப்பு ஒருவரைச் சிறுமைப்படுத்தும் என்பது அதன் சாரம். பெர்ஸ்கி எழுதுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மேரி அதை வாழ்ந்து காட்டியிருந்தார். 1986ல் அவர் காலமானார்.

சிங்கப்பூருக்கு அவரது வாழ்க்கை இன்று மிகவும் பொருந்துகிறது. வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினரை 2030க்குள் வேலையில் அமர்த்துவது எனேபலிங் பெருந்திட்டத்தின் இலக்கு. வேலையிடத்தையும் கருவிகளையும் மாற்றியமைக்க நிறுவனங்களுக்கு எஸ்ஜி எனேபல் அமைப்பு உதவுகிறது. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், உடற்குறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வகைசெய்கிறது. எனினும், 25 பேருக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு.

லிட்டில் இந்தியாவில் உள்ள பல மளிகைக் கடைகளும் பூக்கடைகளும் தையல் கடைகளும் அப்படிப்பட்ட சிறிய நிறுவனங்களே. அவற்றில் யாரைச் சேர்ப்பது என்பது சட்டத்தைவிட முதலாளியின் மனத்தைப் பொறுத்தே இருக்கும். குறுகிய படி, கனமான மூட்டை, கொதிக்கும் எண்ணெய் என்று அங்குள்ள அபாயங்களும் உண்மையானவை.

அவற்றை மறைக்கவோ மறக்கவோ வேண்டியதில்லை. எந்த வேலையில் என்ன ஆபத்து, எதை மாற்றினால் அது குறையும், மிஞ்சும் ஆபத்தை ஏற்க விருப்பமா என்று வேலை தேடி வந்தவரிடமே கேட்கலாம். ஒரு வேலை ஒத்துவராவிட்டால் இன்னொன்றைச் சேர்ந்தே தேடலாம். மகப்பேறு மருத்துவத்துக்குப் பதிலாகக் கை அறுவை சிகிச்சையை மேரி கண்டுகொண்டது அப்படித்தான்.

அவரை வீட்டிலேயே பத்திரமாக உட்கார வைத்திருந்தால், ஒருவேளை ஒருவருக்கு ஆபத்து குறைந்திருக்கும். வேலூரில் மீண்டும் கை விரித்து வேலைக்குப் போனவர்களின் கணக்கும் சேர்ந்தே குறைந்திருக்கும்.