ஸ்ரீ குமரப்பாவின் பொருளாதாரப் பள்ளி

1955-ம் வருஷம் ஜனவரியில், சென்னைக்கு மேற்கே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ மாதிரியான சமுதாயமே தேசத்தின் லட்சியம் எனத் தீர்மானித்தது. 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. பெருந்தொழில் வறுமையைத் தீர்க்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. அதை ஏற்காத தமிழர் ஒருவர் மதுரை ஜில்லாக் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் அப்பொழுது வசித்துவந்தார். பாடப் புஸ்தகங்களுக்குப் புறம்பான பொருளாதாரக் கொள்கைகளைக் கோடை விடுமுறையில் கூடிக் கற்க முற்படும் மாணவர்கள் அவருடைய சரித்திரத்தை அறிவது அவசியம்.

ஸ்ரீ ஜே.சி. குமரப்பா 1892-ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். கொர்னீலியஸ் என்ற பெயரை விடுத்து மூதாதையர் பெயரைப் பூண்டது பிற்காலத்தில். லண்டனில் கணக்குப் பரிசோதனை கற்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். 1927-ல் அமெரிக்கா சென்றவர், கொலம்பியா சர்வகலாசாலையில் ஸெலிக்மன் என்ற பேராசிரியரிடம் அரசாங்க வரவு செலவை ஆராய்ந்தார். இந்தியாவின் தரித்திரத்துக்குக் காரணம் தேடிய அந்த ஆராய்ச்சி, பிரிட்டிஷ் ஆட்சியின் வரியிலும் செலவிலும் அதைக் கண்டது. அவரைத் தேசபக்தராக்கியது மேடைப் பிரசங்கமன்று, கணக்கு.

1929-ல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். கேடா ஜில்லாவின் மாதர் தாலுகாவைப் பரிசீலிக்கும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. குஜராத்தி தெரியாதே எனத் தயங்கியவருக்குக் குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் துணையாயினர். ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில் குடியானவர்களின் நிலம், விளைச்சல், கடன், வரி முதலியவற்றைக் கேட்டுக் குறித்தார்கள். குடியானவன் கடன்படும் காரணத்தைக் கரும்பலகையில் கோடு வரைந்து விளக்கலாம். அவன் திண்ணையில் உட்கார்ந்து வரவையும் வட்டியையும் கூட்டியும் பார்க்கலாம். பின்னதைச் செய்த மாணவன் முன்னதை அவ்வளவு எளிதில் நம்பான். நிலவரி குடியானவனின் சக்தியை மீறியது என்பதை அவ்வறிக்கை இலக்கங்களாலேயே நிரூபித்தது.

உப்பு சத்தியாக்கிரக காலத்தில் யங் இந்தியா பத்திரிகையை நடத்திச் சிறை சென்றார். 1934-ல் பீஹார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு அவர் கையில் இருந்தது. தொண்டர் ஒருவருக்கு உணவுச் செலவு நாளொன்றுக்கு மூன்றணா என்பது அவர் விதித்த விதி. காந்தியடிகளின் பரிவாரம் வந்தபோது, அவர்கள் செலவை நிதியிலிருந்து கொடுக்க மறுத்துவிட்டார். பொதுப்பணத்தைக் கையாளுவோர் நினைக்கவேண்டிய செய்தி இது!

அவ்வாண்டு இறுதியில் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாக வார்தாவில் அமர்ந்து, செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம் ஆகியவற்றில் கிராம ஊழியர்களைப் பயிற்றினார். தேசியத் திட்டக் கமிட்டியில் சேர்ந்தும் சில மாதங்களில் விலகினார். ஜபல்பூர் சிறையில் எழுதிய நூலில், புலி, குரங்கு, தேனீ, தாய்ப்பறவை முதலியவற்றை உதாரணமாக்கி, கொன்று பிழைப்பதிலிருந்து பிறருக்காக உழைப்பது வரை பொருளாதாரத்தை ஐந்து படிகளாக வகுத்தார். நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறையும். ஆற்று நீரும் காடும் முறையாகப் பேணினால் நிலைத்திருக்கும். எந்தத் தொழில் எதைத் தின்று வளர்கிறது என்பதே அவர் கேள்வி. டிராக்டரை அவர் எதிர்த்த வேகம் மிகை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஆவடித் தீர்மானத்தில் விடையில்லை.

1948-ல் காங்கிரஸ் நியமித்த நிலச் சீர்திருத்தக் கமிட்டிக்குத் தலைமை வகித்து, இடைத்தரகரை நீக்கி உழுபவனுக்கு நிலத்தில் உரிமை அளிக்குமாறு சிபாரிசு செய்தார். அச்சிபாரிசுகளில் பெரும்பகுதி காகிதத்திலேயே நின்றுவிட்டது. 1960 ஜனவரி 30-ந் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே தினத்தில், ஸ்ரீ குமரப்பா காலமானார்.