மண் வீட்டுக்குக் குடிபோன மகாகவி

1935-ம் ஆண்டு மே மாதம். வங்காளத்தில் கோடை வெயில் கொளுத்திக் கொண்டிருந்தது. சாந்திநிகேதனில் ஒரு புதுமனை புகுவிழா நடந்தது.

வீட்டுக்காரருக்கு அப்போது 74 வயது நிறைந்திருந்தது. உலகம் முழுவதும் அறிந்த பெயர். ஆசியாவிலேயே முதன்முதலாக நோபல் பரிசு பெற்றவர். பெரிய ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர்.

ஆனால் அவர் குடிபுகுந்த வீடு மாளிகை அல்ல. மண் வீடு! சுவரும் மண். கூரையும் மண்.

அவர்தான் மகாகவி ரவீந்திரநாத் தாகூர். அந்த வீட்டுக்கு அவர் சூட்டிய பெயர் 'சியாமளி'.

கூப்பிடு தூரத்தில் அவருடைய மகன் கட்டிய 'உதயன்' என்ற பெரிய கட்டிடம் இருந்தது. அங்கே வசதிக்குக் குறைவில்லை. அதை விட்டு, தள்ளாத வயதில், மண் கூரைக்கு அடியில் வந்து படுக்க வேண்டிய அவசியம் என்ன?

அதைத் தெரிந்து கொள்ள அவருடைய வாழ்க்கையைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

மாளிகையில் பிறந்தவர்

வடக்குக் கொல்கத்தாவில் சித்பூர் சாலையை ஒட்டி ஜோராசாங்கோ என்ற பகுதி இருக்கிறது. அங்கே உள்ள தாகூர் மாளிகையில் 1861-ம் ஆண்டு மே 7-ந் தேதி ரவீந்திரர் பிறந்தார். தாத்தா துவாரகநாத் தாகூர் பெரும் வணிகர். இளவரசர் என்றே ஊரார் அவரை அழைத்தனர். தந்தை தேவேந்திரநாத் ஆன்மிக நாட்டம் கொண்டவர்.

வீடு பெரிது; ஆனால் சிறுவனுக்குச் சுதந்திரம் இல்லை. வேலைக்காரர்களின் கண்காணிப்பிலேயே வளர்ந்தான். ஜன்னல் வழியே குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்துப் பொழுதைக் கழித்தான். பள்ளிக்கூடம் அவனுக்குச் சிறையாக இருந்தது. எந்தப் பள்ளியிலும் நிலைக்கவில்லை.

1873-ல் தந்தை அவனை இமயமலைக்கு அழைத்துச் சென்றார். போகும் வழியில் போல்பூர் அருகே சில நாள் தங்கினார்கள். கொல்கத்தாவில் இருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரத்தில், பீர்பூம் மாவட்டத்தில் உள்ளது அந்த இடம். தேவேந்திரநாத் தியானம் செய்வதற்காக 1863-ல் அங்கே 20 பிகா நிலத்தை நிரந்தரக் குத்தகைக்கு எடுத்திருந்தார். செம்மண் காடு. மழைநீர் அறுத்த ஓடைகள். நினைத்தபடி ஓடி விளையாடும் சுதந்திரம் சிறுவனுக்கு அங்கேதான் கிடைத்தது. அந்தச் செம்மண் அவன் மனத்தில் ஒட்டிக் கொண்டது.

படகில் கண்ட ஏழ்மை

1883-ல் மிருணாளினி தேவியை ரவீந்திரர் மணந்தார். 30 வயதை எட்டும் சமயத்தில் குடும்ப ஜமீனை நிர்வகிக்கும் பொறுப்பைத் தந்தை அவரிடம் ஒப்படைத்தார். ஷிலைதா, பதிசர் முதலிய ஊர்கள் இன்று வங்கதேசத்தில் உள்ளன. பத்மா நதியில் படகு வீட்டில் தங்கிக் கொண்டு ஊர் ஊராகச் சென்றார்.

அதுவரை அவர் கண்டது கொல்கத்தா மாளிகை. இப்போது கண்டது குடியானவனின் குடிசை. வெள்ளம் வந்தால் சுவர் கரையும். கோடையில் ஒரு தீப்பொறி விழுந்தால் வைக்கோல் கூரை பற்றி எரியும். கடன் வாங்கிக் கட்டிய குடிசை ஒரு நாழிகையில் சாம்பலாகும். மீண்டும் கடன், மீண்டும் வட்டி.

இந்தக் காட்சிகள் அவரை உறங்கவிடவில்லை. அவருடைய சிறந்த சிறுகதைகள் பல இந்தக் காலத்தில் பிறந்தவை. நகரத்தில் இருந்து குக்கிராமத்துக்கு வேலைக்கு வந்து, ஊர் ஏக்கத்தில் தவிக்கும் போஸ்ட்மாஸ்டர் ஒருவரின் கதையும் அவற்றில் ஒன்று. சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள் அதைப் படித்தால் கண் கலங்குவார்கள்.

கதை எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. குடியானவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க பதிசரில் விவசாய வங்கி தொடங்கினார். பிற்காலத்தில் நோபல் பரிசுப் பணத்தை அந்த வங்கியில்தான் போட்டார். மகன் ரதீந்திரநாத்தை பாரிஸ்டர் படிப்புக்கு அனுப்பவில்லை. 1906-ல் விவசாயம் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பினார்.

துன்பத்துக்கு மேல் துன்பம்

1901-ம் ஆண்டு டிசம்பரில் சாந்திநிகேதனில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். மாணவர்கள் ஐந்து பேர். மரத்தடியே வகுப்பறை. செலவுக்குப் பணம் இல்லை. மனைவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

மறு ஆண்டே அந்த அம்மையார் இறந்தார். 1903-ல் மகள் ரேணுகா இறந்தாள். 1905-ல் தந்தை மறைந்தார். 1907-ல் இளைய மகன் சமீந்திரநாத் காலராவுக்குப் பலியானான்.

வேறு ஒருவராக இருந்தால் ஒடிந்து போயிருப்பார். தாகூர் பள்ளிக்கூடத்தை மூடவில்லை.

1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1915-ல் ஆங்கில அரசு 'சர்' பட்டம் கொடுத்தது. 1919-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்ததும் அந்தப் பட்டத்தைத் துறந்தார். 1921-ல் பள்ளிக்கூடம் விசுவபாரதியாக விரிந்தது. அடுத்த ஆண்டு, சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் உள்ள சுருல் கிராமத்தில் 'ஸ்ரீநிகேதன்' என்ற கிராமச் சீரமைப்பு நிலையம் பிறந்தது. எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கில இளைஞர் அதை நடத்த உதவினார். விவசாயம், நெசவு, சுகாதாரம் என்று பல வேலைகள் நடந்தன.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. ஏழைக்கு வீடு?

எரியாத கூரை வேண்டும்

சுற்றிலும் சந்தால் மக்களின் கிராமங்கள். அவர்களுடைய மண் சுவர்கள் வழவழப்பாக, கோலம் போட்டாற்போல் அழகாக இருக்கும். கனத்த மண் சுவர் பகல் வெயிலை உள்ளே விடாது. சிமெண்டு வேண்டாம், சூளை வேண்டாம், வண்டி வாடகை வேண்டாம். காலடியில் இருக்கும் மண்ணைக் குழைத்து மிதித்தால் போதும்.

குறை எல்லாம் கூரையில்தான். வைக்கோல் கூரை தீப்பிடிக்கும். அடிக்கடி புதிதாக வேய வேண்டும். கூரையையும் மண்ணாலேயே போட்டுவிட்டால்? அந்த வீடு நிலைத்தால் ஏழைக் குடியானவன் அதைப் பார்த்துத் தானும் கட்டிக் கொள்வான். இதுவே தாகூரின் எண்ணம்.

சாந்திநிகேதனில் அப்போது மண்ணைக் கொண்டு பல சோதனைகள் நடந்து கொண்டிருந்தன. தேஜேஷ்சந்திர சேன் என்ற மரம் விரும்பும் ஆசிரியர், ஒரு பனைமரத்தை நடுவில் விட்டு அதைச் சுற்றி வட்டமாக மண் குடில் கட்டி வாழ்ந்தார். கூரைக்கு மேலே பனங்குருத்து கொடியாகப் பறக்கும். 1934-ல் மண்ணும் தாரும் கலந்து மாணவர் விடுதி ஒன்று கட்டத் தொடங்கினார்கள். கறுப்பாக இருந்ததால் அதற்குக் 'கறுப்பு வீடு' என்றே பெயர் வந்தது.

அதையடுத்து எழுந்ததுதான் சியாமளி. கட்டிட வேலையை ஓவியர் சுரேந்திரநாத் கர் ஏற்றார். சுவருக்குள் மண்பானைகளை அடுக்கினார்கள். பானைக்குள் இருப்பது காற்று. அது வெப்பத்தைத் தடுக்கும். சுவரின் பாரமும் குறையும். ஓவியர் நந்தலால் போஸும் மாணவர்களும் வெளிச் சுவரில் மண் சிற்பங்களைச் செதுக்கினார்கள். வாசலில் உள்ள சந்தால் உருவங்கள் ராம்கிங்கர் பைஜின் கைவண்ணம். குடிசைக்குரிய மண்ணில் கோவிலுக்குரிய வேலைப்பாடு!

வீடு தயாரானதும் தாகூர் வேறு யாரையும் அதில் குடிவைக்கவில்லை. தம் பிறந்த நாளை ஒட்டித் தாமே குடிபோனார். ஏழைக்குச் சொல்லும் யோசனையைத் தம் உடம்பில் சோதித்துப் பார்த்தார். அவருடைய பெருமை இங்கேதான் இருக்கிறது.

மழை வைத்த பரீட்சை

வங்காள மழை யாருக்கும் சலுகை காட்டாது, மகாகவிக்கும் காட்டவில்லை. மண் சுவர் தாங்கியது. ஆனால் தட்டையான மண் கூரை மழைக்கு ஈடுகொடுக்கவில்லை. பழுது பார்க்க வேண்டியதாயிற்று. 1936-ல் பக்கத்திலேயே கட்டிய 'புனஸ்ச' என்ற வீட்டுக்கு அவர் மாறினார். அந்தச் சொல்லுக்குக் கடித முடிவில் எழுதும் 'பின்குறிப்பு' என்று பொருள். பிறகு 'உதீசி' என்ற வீட்டுக்குப் போனார்.

சியாமளி தோல்வியா? பாதி தோல்வி என்று சொல்லலாம். எரியாத மண் கூரை ஊர் ஊராகப் பரவும் என்ற கனவு பலிக்கவில்லை. ஆனால் வீட்டை யாரும் இடித்துத் தள்ளவில்லை. பழுது பார்த்துக் காப்பாற்றினார்கள். 1940-ம் ஆண்டு பிப்ரவரியில் காந்தியடிகளும் கஸ்தூரிபாவும் சாந்திநிகேதன் வந்தபோது அந்த மண் வீட்டில்தான் தங்கினார்கள். அதுதான் இரு பெரியவர்களின் கடைசிச் சந்திப்பு. தமக்குப் பின் விசுவபாரதியைக் காக்கும்படி தாகூர் அப்போது கேட்டுக் கொண்டார்.

1941 ஜூலை மாதம் நோயாளியாக அவரைக் கொல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. ஆகஸ்டு 7-ந் தேதி, தாம் பிறந்த அதே ஜோராசாங்கோ மாளிகையில் கண்ணை மூடினார். வயது 80.

பானை போய் சாக்கு வந்தது

அவர் தொடங்கி வைத்த சோதனை அவரோடு முடியவில்லை. தாகூர் சுவருக்குள் பானையை வைத்தார். பின்னால் வந்தவர்கள் மண்ணையே சாக்குக்குள் வைத்தார்கள்.

ஹூக்ளி நதிக்கரைச் சணல் ஆலைகளில் தயாரான சாக்குகள், 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில் மணல் மூட்டைகளாகிப் பதுங்கு குழிகளைக் காத்தன. குண்டையே தாங்கும் மூட்டை வீட்டைத் தாங்காதா? ஈரானில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நாதர் கலீலி என்ற கட்டிடக் கலைஞர் இந்த முறையை வளர்த்தார். அவர் 2008-ல் காலமானார்.

முறை எளிது. லேசாக ஈரம் உள்ள மண்ணைச் சாக்கில் நிரப்பிச் செங்கல் போல் வரிசையாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் திமிசு போட்டு இறுக்க வேண்டும். வரிசைகள் நகராமல் இருக்க நடுவில் முள்கம்பி. பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் இற்றுப் போகும்; எனவே சீக்கிரமே மேலே பூசிவிட வேண்டும். பெரும்பாலும் காலடி மண்ணும் கை வேலையும்தான் மூலதனம்.

நம் தமிழ்நாட்டிலும், புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில், மண்ணோடு சிறிதளவு சிமெண்டு கலந்து எந்திரத்தில் அழுத்திய கற்களால் பெரிய கட்டிடங்களே கட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லைச் சூளையில் சுட வேண்டியதில்லை, விறகு மிச்சம்.

எல்லா முறைக்கும் பாடம் ஒன்றே. மண்ணுக்குப் பகை தண்ணீர். அடித்தளத்தைக் கல்லால் உயர்த்தி, கூரையை நன்றாக வெளியே இறக்கிவிட்டால் மண் சுவர் தலைமுறை தலைமுறையாக நிற்கும். நம் பாட்டன்மார் திண்ணை வைத்து, தாழ்வாரம் இறக்கிக் கட்டியதன் ரகசியமும் அதுதான். சியாமளியின் கூரை கற்றுத் தந்ததும் அதையேதான்.

போய்ப் பாருங்கள்

கொல்கத்தாவில் வேலை பார்க்கும் நம்மில் பலர் வாடகை அறையில் காலம் தள்ளுகிறவர்கள். ஊரில் ஒரு வீடு கட்ட வேண்டும் என்று மாதந்தோறும் பணம் அனுப்புகிறவர்கள். ஊரில் இருந்த மண் வீட்டைச் சொல்லிக் கொள்ளவே வெட்கப்படுகிறவர்களும் உண்டு.

ஒரு விடுமுறை நாளில் ஹவுராவில் ரெயில் ஏறி போல்பூரில் இறங்குங்கள். 2023-ல் யுனெஸ்கோ நிறுவனம் சாந்திநிகேதனை உலகப் பாரம்பரிய இடங்களில் ஒன்றாக அறிவித்தது. அங்கே 'உத்தராயன்' வளாகத்துக்குள் போனால் உதயன் என்ற பெரிய வீட்டைக் காணலாம். அதன் அருகே சியாமளி, தலை தாழ்ந்து, கறுத்து, அமைதியாக நிற்கிறது.

இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஊரில் வீடு கட்டும் நாள் வரும்போது, வாசலில் கிடக்கும் மண்ணை ஒரு பிடி கையில் எடுத்துப் பார்க்கத் தோன்றும். மாளிகையில் பிறந்த ஒரு மனிதர், ஏழைக்கு நல்ல வீடு கிடைக்குமா என்று அறிய, 74 வயதில் அந்த மண்ணை நம்பித் தலை சாய்த்தாரே!